ஒரே ஃபேஸ்ல ஓட்டாதீங்க பாஸ்!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு மெஸ் அண்ணனே போன் போட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே பாப்பா... பருப்பு என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டுட்டார். நியாயமான கேள்வி. அதனால இந்த வாரம் வயித்தை விட்டுட்டு பர்ஸுக்கு வருவோம்.

எங்க ட்ரிபிள் ஈ ஃபைனல் இயர் பசங்க முகமெல்லாம் இப்போ ஃபியூஸ் போன பல்பு மாதிரி இருக்கு. ப்ளேஸ்மென்ட் நோட்டீஸ் போர்டுல பேப்பர் குறைஞ்சு குண்டூசி மட்டும் நிறைய தெரியுது. கேன்டீன்ல எல்லாரும் ஆளுக்கொரு சமோசாவோட உலகப் பொருளாதாரத்தை அலசிட்டிருந்தப்போ, என் தோஸ்து ஒருத்தி சொன்னா: "உனக்கென்னடி? உங்கப்பா பிசினஸ். வேலை கிடைக்கலைன்னா நேரா போய் கல்லாவுல உக்காந்துடுவே!"

நான் சிரிச்சு மழுப்பிட்டேன். விஷயம் என்னன்னா, எங்கப்பாவோட கல்லாங்கறது அவரோட சட்டைப்பை. கடைங்கறது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி. சரக்குங்கறது ஒரு காக்கிப் பை. அதுக்குள்ள டெஸ்டர், கட்டிங் பிளையர், இன்சுலேஷன் டேப், நாலஞ்சு ஃபேன் கண்டென்சர். ஆழ்வார்பேட்டையில டி.டி.கே. சாலை, சி.பி. ராமசாமி சாலை, எல்டாம்ஸ் ரோடுன்னு சுத்திச் சுத்தி வர்ற எலக்ட்ரீஷியன் அவர். ஃபர்ஸ்ட் இயர் அட்மிஷன் ஃபார்ம்ல 'தந்தையின் தொழில்'ங்கற இடத்துல நான்தான் 'பிசினஸ்'னு எழுதினேன். உண்மையை எழுத கை வரலை. (அப்பா, இதைப் படிச்சீங்கன்னா மன்னிச்சுக்கோங்க.)

ஆனா அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா, நான் எழுதினது பொய்யே இல்லைன்னு தோணுச்சு. 2008, 2016, 2020-ன்னு மூணு பெரிய மந்தத்தைப் பார்த்தவர் அவர். அதுக்கு நடுவுல ஒரு தடவை பலமா விழுந்தும் இருக்கார். எம்.பி.ஏ. படிச்சவங்க 'டைவர்சிஃபிகேஷன்'னு ஸ்லைடு போட்டுச் சொல்றதை, வளையலை அடகு வெச்சுக் கத்துக்கிட்ட ஆள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

நியூயார்க்ல விழுந்தா ஆழ்வார்பேட்டையில வலிக்குமா?

கிண்டி ஐ.டி.ஐ.ல வயர்மேன் டிரேட் முடிச்சுட்டு வந்த அப்பாவுக்கு அப்போ ரெண்டு வருமானம். ஒண்ணு, வீடுகள்ல ரிப்பேர். டியூப் லைட் விட்டு விட்டு எரியுதா, சோக்கு மாத்து. ஃபேன் சுத்தலையா, கண்டென்சர் மாத்து. ரெண்டாவது, புதுக் கட்டடத்துல வயரிங். ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவுன்னு பேசி, மொத்தமா லேபர் கான்ட்ராக்ட். பெரிய காசு அதுலதான்.

2008 செப்டம்பர் 15. அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ்னு ஒரு பேங்க் திவால் நோட்டீஸ் கொடுத்துச்சு. எனக்கு அப்போ மூணு வயசுகூட ஆகலை. அப்பாவுக்கோ அந்தப் பேரே தெரியாது. ஆனா சில மாசத்துல அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படி? ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி.யில ஆள் எடுக்கறது நின்னுச்சு. ஐ.டி. சம்பளத்தை நம்பி ஃப்ளாட் புக் பண்ணவங்க பின்வாங்கினாங்க. பில்டர் பாதிக் கட்டடத்தோட வேலையை நிறுத்தினார். மேஸ்திரி போனை எடுக்கலை. அப்பாவுக்கு வரவேண்டிய ரெண்டு மாசக் கூலி அப்படியே நின்னுபோச்சு. நியூயார்க்ல பிடுங்கின பிளக்குக்கு இங்கே லைட் அணைஞ்ச கதை!

அப்போ காப்பாத்தினது எது தெரியுமா? கரண்ட் கட்! சத்தியமா. 2008-ல இருந்து தமிழ்நாடு முழுக்க மின்தட்டுப்பாடு. சென்னையில ஒரு மணி நேரமா இருந்த கட், 2012 தொடக்கத்துல ரெண்டு மணி நேரமாச்சு. வெளி மாவட்டங்கள்ல நிலைமை இன்னும் மோசம். உங்கள்ல பல பேர் அந்தக் காலத்துல மெழுகுவத்தி வெளிச்சத்துல 'அ, ஆ' எழுதியிருப்பீங்க. ஊரே வியர்த்துக்கிட்டிருந்தப்போ எங்க வீட்டுல மட்டும் பிரியாணி. ஏன்னா அப்பா இன்வெர்ட்டர் போட ஆரம்பிச்சிருந்தார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒண்ணு. பெருக்கினா 1,800 வாட் ஹவர். மூணு ஃபேனும் நாலு டியூப் லைட்டும் கிட்டத்தட்ட 385 வாட். நஷ்டமெல்லாம் போக மூணரை மணி நேரம் தாங்கும். இதை அப்பா ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் காட்டினதும் ஆடிட்டர் மாமாவே, "சரி, நாளைக்கே மாட்டிடுப்பா"ன்னுட்டாராம். கட்டடம் கட்டறவங்க கைவிட்டப்போ, கட்டி முடிச்ச வீட்டுக்காரங்க சோறு போட்டாங்க.

பன்னிரண்டு பேட்டரியும் நாலு வளையலும்

இப்போ வில்லன் என்ட்ரி. வில்லன் வேற யாருமில்லை, அந்த வெற்றியேதான்.

அஞ்சாறு வருஷம் இன்வெர்ட்டர் பிச்சுக்கிட்டு ஓடவும் அப்பா சின்னச் சின்ன ரிப்பேருக்குப் போறதை நிறுத்திட்டார். "சுவிட்ச் மாத்தவா நான் வண்டி எடுக்கணும்?"னு கேட்டாராம். கமிஷன் போதாது, நாமே சரக்கு எடுத்து வித்தா டபுள் லாபம்னு யாரோ சொன்னாங்க. 2014 கோடைக்கு முன்னாடி அம்மாவோட நாலு வளையலை வெச்சு, மேலே கொஞ்சம் கடனும் வாங்கி, பன்னிரண்டு பேட்டரியை இறக்கினார். எங்க ஒண்டுக்குடித்தன வீட்டுல கட்டிலுக்கு அடியில ஆறு, மாடிப்படிக்குக் கீழே ஆறு.

அதுக்கப்புறம் என்னாச்சு? கரண்ட் கட் படிப்படியா குறைஞ்சுடுச்சு! ஊருக்கே சந்தோஷம், எங்க வீட்டுல எழவு. 2015 வாக்குல இன்வெர்ட்டர் வேணும்னு யாரும் கூப்பிடலை. பேட்டரி என்ன அரிசி மூட்டையா, வெச்சிருந்து விக்க? லெட் ஆசிட் பேட்டரி சும்மா கிடந்தாலே தானா சார்ஜ் இறங்கும். சார்ஜ் இல்லாம கிடந்தா உள்ளே தகடுகள்ல லெட் சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய உயிர் வராது. (இதை நான் தேர்டு இயர்ல படிச்சேன். எங்கம்மா கட்டிலுக்கு அடியிலேயே பார்த்துட்டாங்க.) அஞ்சு பேட்டரி அடிமாட்டு விலைக்குப் போச்சு. மூணு காயலான் கடைக்குப் போச்சு. வளையல் திரும்பி வரவேயில்லை.

பழைய ரிப்பேர் வேலைக்கே திரும்பலாம்னா, அங்கேயும் அடி. 2015 ஜனவரியில மத்திய அரசு எல்.இ.டி. பல்பு திட்டத்தைத் தொடங்கினப்புறம் பல்பு விலை மளமளன்னு இறங்குச்சு. அரசு மொத்தமா வாங்கின விலையே 2014-ல ஒரு பல்புக்கு முன்னூறு ரூபாய்க்கு மேல இருந்தது, ரெண்டு மூணு வருஷத்துல நாற்பது ரூபாய்க்குள்ள வந்துடுச்சு. எல்.இ.டி.க்கு சோக்கும் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. மாசத்துக்கு ரெண்டு தடவை, "டியூப் லைட் மினுக்குதுப்பா"ன்னு கூப்பிட்ட வீடுங்க ஒரேயடியா மௌனமாயிடுச்சு. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி பழைய ஐந்நூறு, ஆயிரம் செல்லாதுன்னதும், கையில காசு புழங்கின கட்டட வேலையும் படுத்துடுச்சு.

அந்த நாள்ல அப்பா துபாய்க்குப் போறதா பாஸ்போர்ட்கூட எடுத்துட்டார். ஏஜென்ட் கேட்ட பணத்துக்கு வழியில்லாததால போகலை. அப்போ எனக்குப் பதினொரு வயசு. ராத்திரி அவர் அம்மாகிட்ட சொன்னது மட்டும் இன்னும் ஞாபகமிருக்கு: "எல்லா லோடையும் ஒரே ஃபேஸ்ல போட்டுட்டேன்."

எலக்ட்ரிகல் தெரியாத ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு சின்ன விளக்கம். வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் லைன் வருதுன்னா மூணு தனித்தனி லைன்ல கரண்ட் வருதுன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு போனாலும் மத்த ரெண்டு இருக்கும். அதுக்குத்தான் மெயின் போர்டுல ஃபேஸ் சேஞ்சர். பாதி வீடு இருட்டானா, "ஃபேஸ் மாத்துங்க"ன்னு அப்பாக்கள் கத்துவாங்களே, அதேதான்! ஆனா ஒட்டுமொத்த லோடையும் ஒரே ஃபேஸ்ல மாட்டி வெச்சா அது சூடாகி எரியும், இல்லேன்னா அது போறப்போ எல்லாமே போகும்.

ஸோ, இன்வெர்ட்டருக்கு மாறினது அப்பாவோட தப்பு இல்லை. பழசைக் கழட்டிட்டு முழுசா மாறினதுதான் தப்பு. டைவர்சிஃபிகேஷன்னா தொழிலை மாத்தறது இல்லை பாஸ், ஃபேஸைக் கூட்டறது!

ஜப்பான்ல ஒரு வயர்மேன்

இந்த இடத்துல ஒரு ஜப்பான்காரரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்தணும். ஏன்னா அவரும் நம்ம ஜாதி, அதாவது வயரிங் ஜாதி. பேரு கொனோசுகே மட்சுஷிதா. 1910-ல, பதினஞ்சு வயசுல, ஒசாகா நகர மின்விளக்குக் கம்பெனியில வயரிங் உதவியாளா சேர்ந்தார். 1917-ல வேலையை விட்டுட்டு, தானே வடிவமைச்ச ஒரு சாக்கெட்டைத் தயாரிச்சார். யாரும் வாங்கலை. மனைவியோட கிமோனோவெல்லாம் அடகுக் கடைக்குப் போச்சு. (எங்கம்மா இதைக் கேட்டதும், "எல்லா ஊர்லயும் இதே கதைதானா?"ன்னாங்க.)

அந்த வருஷக் கடைசியில ஒரு ஆர்டர் வந்துச்சு. சாக்கெட்டுக்கு இல்லை, மின்விசிறிக்கு அடியில வைக்கிற இன்சுலேட்டர் தகடு ஆயிரம் வேணும்னு. 'நான் சாக்கெட் கண்டுபிடிச்ச விஞ்ஞானி'ன்னு அவர் முறைக்கலை. சாக்கெட்டுக்குக் கலந்த அதே கலவை, அதே அச்சு வேலை, செஞ்சு கொடுத்தார். அந்தக் காசுலதான் 1918-ல அவரோட கம்பெனி பிறந்துச்சு. அப்புறம் சைக்கிள் விளக்கு, இஸ்திரிப் பெட்டின்னு வளர்ந்து இன்னைக்கு பானாசோனிக்.

1929 கடைசியில உலக மந்தம் வந்தப்போ குடோன் நிறைய சரக்கு தேங்குச்சு. ஆளைக் குறைக்கலாம்னு மேனேஜர்ங்க சொன்னாங்க. மட்சுஷிதா என்ன பண்ணார்? உற்பத்தியைப் பாதியாக்கினார், ஆனா ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பலை, சம்பளத்துலயும் கை வைக்கலை. அதுக்குப் பதிலா எல்லாரும் சேர்ந்து தேங்கின சரக்கை விக்கணும்னார். ரெண்டே மாசத்துல குடோன் காலி!

ஒரு கொசுறு: 2007-ல மட்சுஷிதா குழுமத்துக் கம்பெனிதான் நம்ம ஆங்கரை வாங்கிச்சு. அப்பா பையில இருக்கிற ஆங்கர் சுவிட்சுக்கு ஒசாகாவுல ஒரு வயர்மேன் தாத்தா இருக்கார்னு சொன்னதும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் எங்கப்பா.

லாக்டவுன்ல கிடைச்ச புதையல்

2020 மார்ச் 25. ஊரடங்கு. எனக்கு டென்த் பரீட்சை நடக்கவேயில்லை, நாங்கதான் சரித்திரப் புகழ் பெற்ற 'ஆல் பாஸ்' பேட்ச். (சிரிக்காதீங்க, வலிக்குது!) அப்பா வீட்டுல சும்மா. ஏப்ரல் 20-ல இருந்து எலக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி சுயதொழில்காரங்க வேலை செய்யலாம்னு மத்திய அரசு விதி தளர்த்தினாலும், தமிழ்நாட்டுல மே 3 வரைக்கும் கட்டுப்பாடு தொடர்ந்துச்சு. அதுக்கப்புறமும் பல அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் அண்ணன் வெப்பமானியை நெத்தியில நீட்டி, "இப்ப வேணாம்ணே"ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

ஆனா போன் மட்டும் நிக்கலை. கஸ்தூரி ரங்கன் சாலைப் பக்கம் தனியா இருக்கிற ஒரு மாமி அழுதுட்டே கூப்பிட்டாங்க. வீடு முழுக்க கரண்ட் இல்லை, மெயினைத் தூக்கினா உடனே விழுதாம். பையன் அமெரிக்காவுல. அப்பா என் போன்ல வாட்ஸ்அப் வீடியோ போட்டார். "மாமி, எதையும் கழட்ட வேணாம். சின்ன சுவிட்ச் வரிசையா இருக்கு பாருங்க, எல்லாத்தையும் கீழே இறக்குங்க. இப்ப பெரிசைத் தூக்குங்க. நின்னுச்சா? இப்ப ஒண்ணொண்ணா தூக்குங்க." அஞ்சாவதைத் தூக்கினதும் டப்புனு விழுந்துச்சு. "அது கீசர். அதை மட்டும் இறக்கியே வையுங்க, மிச்சமெல்லாம் ஓடும்." ஓடுச்சு!

அது ஆர்.சி.சி.பி. செஞ்ச வேலை. எங்கேயாவது 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கசிஞ்சா ஆளைக் காப்பாத்தறதுக்காகத் தானா விழுந்துடும். அது விழுந்தா திட்டாதீங்க, கும்பிடுங்க. உங்க வீட்டுலயும் விழுந்தா இதே மாதிரி தேடலாம். ஆனா மூடியைக் கழட்டற வேலை மட்டும் நமக்கு வேண்டாம்.

மாமி, "காசு எப்படிப்பா கொடுக்கறது?"ன்னாங்க. அப்பா வேண்டாம்னார். நான்தான் குறுக்கே புகுந்து கூகுள் பே நம்பரைக் கொடுத்தேன். (அப்பவே பிசினஸ் மைண்டு!)

அன்னைக்கு எனக்கு ஒரு சந்தேகம். "எப்படிப்பா, அவங்க வீட்டு போர்டு மனப்பாடமா?"ன்னு கேட்டேன். பரண்ல இருந்து அப்பா பழைய டைரிங்களை இறக்கினார். பத்து வருஷத்து டைரி. எந்த வீடு, எந்த மாடி, எத்தனை ஃபேஸ், மோட்டார் எத்தனை ஹெச்.பி., என்ன மாத்தினார், எப்போ மாத்தினார்னு எல்லாமே பால் கணக்கு மாதிரி பென்சில்ல. வேலையில்லாத ஆல் பாஸ் பொண்ணு நான் சும்மா இருப்பேனா? ஒரு மாசம் உக்காந்து எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தினேன்.

ஏத்தி முடிச்சதும் பளிச்சுன்னு ஒண்ணு தெரிஞ்சுது. அப்பா போன வீடுங்க நூத்துக்கும் மேல. ஆனா திரும்பத் திரும்பக் கூப்பிட்டதெல்லாம் ஏழெட்டு அபார்ட்மென்ட் கட்டடங்கள்ல இருந்துதான். அதுலயும் பாதி கால் ஒரே மாதிரி: மோட்டார் ஓடலை, மாடிப்படி லைட் எரியலை, மழை பெஞ்சா மெயின் விழுது. எல்லாமே முன்கூட்டியே பார்த்திருந்தா வந்திருக்காத கோளாறு.

அப்படின்னா, கெட்டுப்போனப்புறம் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுக்கறதுக்குப் பதிலா, கெடாம பார்த்துக்க மாசச் சம்பளம் மாதிரி கொடுத்தா? எட்டு வீடு இருக்கிற ஒரு கட்டடத்துக்கு மாசம் 1,500 ரூபாய், ரெண்டு தடவை நேர்ல வந்து பார்க்கறது, பொருள் செலவு தனின்னு ஒரு பேப்பர் டைப் பண்ணிக் கொடுத்தேன். ஊரடங்கு தளர்ந்ததும் அப்பா அசோசியேஷன் செக்ரட்டரிங்ககிட்ட கூச்சப்பட்டுக்கிட்டே நீட்டினார். ரெண்டு பேர் முடியாதுன்னாங்க. மூணு பேர் சரின்னாங்க. இப்போ அஞ்சு கட்டடம். மாசம் பொறந்தா 7,500 ரூபாய், மழையோ மந்தமோ வந்துடும். எங்க வீட்டு வாடகையில பெரும்பகுதி அதுலதான் போகுது. அம்மா முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுதே, அதுக்கு எந்த பேலன்ஸ் ஷீட்லயும் காலம் கிடையாது.

அப்பாவோட முதலீடு டிரில் மெஷின் இல்லைங்க. "அவர்தானே? உள்ளே விடு"ன்னு சொல்ற அந்த அஞ்சு வாட்ச்மேன்கள்தான்.

மூணாவது ஃபேஸ்

ரிப்பேர் ஒரு ஃபேஸ். மாச ஒப்பந்தம் ரெண்டாவது. மூணாவது, காலத்துக்கேத்த புது வேலைங்க. ஆனா இந்தத் தடவை அப்பா உஷார். அவரோட ரூல் ஒண்ணே ஒண்ணு: 'சரக்கு எடுத்து அடுக்க மாட்டேன், ஆர்டர் வந்தாத்தான் வாங்குவேன்.'

வீட்டுல இருந்து வேலை பார்க்கிற காலம் வந்ததும் ரூட்டருக்குச் சின்ன யு.பி.எஸ்., மேஜைக்குத் தனி பாயின்ட்னு நிறைய பேர் கேட்டாங்க. செஞ்சார். அதே மாதிரி பி.எல்.டி.சி. ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் சுமாருக்கு ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கே ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். இந்தக் கணக்கையும் அப்பா துண்டுச்சீட்டுல எழுதித்தான் காட்டறார். பழைய டெக்னிக், புது சரக்கு!

அடுத்தது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். அபார்ட்மென்ட்ல யார் மீட்டர்ல சார்ஜ் போடறதுங்கறதுதான் இப்போ பெரிய பஞ்சாயத்து. வண்டிக்காரரோட மீட்டர்ல இருந்தே பார்க்கிங்குக்குத் தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. மாட்டி, எர்த் சரி பார்த்துக் கொடுத்துடறார். பஞ்சாயத்து ஓவர்.

சோலார்? 2024 பிப்ரவரியில மத்திய அரசு வீட்டு மாடி சோலாருக்கு மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு அறிவிச்சது. அப்பாவுக்குக் கை அரிச்சுது. நான் கணக்கு போட்டேன். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேணும், சென்னை வெயிலுக்கு நாளைக்கு நாலு யூனிட் சுமாரா கிடைக்கும். ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்ல மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. பக்கத்துல உயரக் கட்டடம், அதோட நிழல் வேற. மானிய வேலையும் பதிவு பெற்ற நிறுவனம் மூலமாத்தான் நடக்கணும். அதனால அப்பா தானே கடை போடாம, அந்த மாதிரி ஒரு நிறுவனத்துக்கு வயரிங், எர்த்திங் வேலையைக் கூலிக்குச் செய்யறார். அசோசியேஷன்ங்களுக்கும் லிஃப்ட், மோட்டார் மாதிரி பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டுன்னு அவர்தான் செக்ரட்டரிங்ககிட்ட எடுத்துச் சொல்றார். யார் வீட்டு மாடியில எவ்வளவு நிழல்னு அவருக்குத்தானே தெரியும்!

ஒரு 'ஆப்'ல சேர்ந்தும் பார்த்தார். பேர் வேண்டாம். தாம்பரத்துல ஒரு வேலை, மாதவரத்துல அடுத்ததுன்னு பெட்ரோல் செலவு, மேலே கமிஷன். மூணே மாசம். "தெரியாத வீட்டுல ஸ்டார் வாங்கறதைவிட, தெரிஞ்ச வீட்டுல காபி வாங்கறது மேல்"னு சொல்லிட்டு வந்துட்டார். சின்ன வயசுப் பசங்களுக்கு, புது ஏரியாவுல ஆளே தெரியாதவங்களுக்கு, அது சரியா வரலாம். இவருக்கு வரலை.

நீங்க என்ன பண்ணலாம்?

உங்கப்பா தையல்காரரா இருக்கலாம், பிளம்பரா, ஏ.சி. மெக்கானிக்கா, அயர்ன் வண்டிக்காரரா இருக்கலாம். இந்த லீவுல ஒரு நாள் செல்லை கீழே வெச்சுட்டு இதைச் செய்யுங்க:

* அவரோட டைரி, பில் புக், போன் கான்டாக்ட் எல்லாத்தையும் ஒரே பட்டியலாக்குங்க. யார் அடிக்கடி கூப்பிடறாங்க, எதுக்குக் கூப்பிடறாங்கன்னு பாருங்க. புது பிசினஸ் ஐடியா அதுலயே ஒளிஞ்சிருக்கும்.

* மாசாமாசம் வர்ற ஒரு வருமானத்தை முதல்ல பிடிங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. அது வந்தப்புறம்தான் புதுசா முயற்சி பண்ற தைரியம் வரும்.

* புது வேலை, பழைய வேலைக்கு அடுத்த வீடா இருக்கட்டும். அதே கஸ்டமர், அதே கைத்திறன், கொஞ்சம் புதுப் படிப்பு. எலக்ட்ரீஷியன் மளிகைக் கடை வெச்சா அது டைவர்சிஃபிகேஷன் இல்லை, தலையெழுத்து!

* கடன் வாங்கி சரக்கு அடுக்காதீங்க. எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில வந்து பாருங்க, புரியும்.

* எர்த்தை மறக்காதீங்க. எர்த் வயர்ல சாதாரணமா கரண்ட் ஓடாது, 'இது எதுக்கு தண்டமா?'ன்னு தோணும். ஆனா ஆபத்துல காப்பாத்தறது அதுதான். பேப்பர் வேலைங்க எல்லாம் அந்த மாதிரி. எலக்ட்ரீஷியன்னா மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட வயர்மேன் சான்றிதழ் முக்கியம். கட்டட வயரிங் பண்றவங்க 1994-ல தொடங்கின கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு செஞ்சுக்கலாம், பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. 2020 ஊரடங்குல ஆயிரம் ரூபாய் நிவாரணம் எங்க வீட்டுக்கு வந்தது அந்த கார்டாலதான். சிறுதொழில்னு பதிவு பண்ணிக்க 2020 ஜூலையில வந்த 'உத்யம்' பதிவு இலவசம், எவனாவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

சரி, ப்ளேஸ்மென்டுக்கு வருவோம். நாமும் நாலு வருஷமா எல்லா லோடையும் ஒரே ஃபேஸ்லதானே போட்டு வெச்சிருக்கோம்? கேம்பஸ்ல வேலை கிடைச்சா வெளிச்சம், இல்லேன்னா கும்மிருட்டு. நான் இந்த செமஸ்டர்ல மூணு ஃபேஸ் மாட்டியிருக்கேன். கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகறேன், அது ஒண்ணு. வாரம் ஒரு தடவை உங்களை அறுக்கிறேனே, இந்த எழுத்து ரெண்டு. சனிக்கிழமை அப்பாகூடப் போய் சோலார் வேலை கத்துக்கறேன், அது மூணு. முதல் சனிக்கிழமை லேப்ல எண்பது மார்க் வாங்கின இந்தக் கைக்கு ஒரு லக் ஒழுங்கா கிரிம்ப் பண்ண வரலை. "பரவால்ல பாப்பா, வயர் வேஸ்ட் ஆனா ஆகட்டும், விரல் முக்கியம்"னார் அப்பா.

பேட்டரி கணக்கு இடிக்குதேன்னு நினைக்கிறவங்களுக்கு: அஞ்சு வித்துச்சு, மூணு காயலான் கடைக்குப் போச்சு, ரெண்டை அப்பா பழைய கஸ்டமர் வீட்டுல சும்மாவே மாட்டிக் கொடுத்தார். மிச்சம் ரெண்டு இருக்கு. ஆசிட்டைப் பத்திரமா எடுத்தாச்சு. வாசல்ல போட்டிருக்கோம். காலையில அதுமேல உக்காந்துதான் அப்பா ஷூ மாட்டறார். எடைக்குப் போட்டுடலாம்னு அம்மா பல தடவை சொல்லியாச்சு. "இருக்கட்டும், ஃபீஸ் கட்டினது"ங்கறார்.

அப்புறம், இந்தப் பத்திரிகையில இன்டர்ன்ஷிப்புக்கு ஃபார்ம் கொடுத்தாங்க. அதுலயும் 'தந்தையின் தொழில்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. இந்தத் தடவை தமிழ்லயே தெளிவா எழுதினேன்: எலக்ட்ரீஷியன், ஆழ்வார்பேட்டை.

உங்க வீட்டு டைரியில என்ன கிடைச்சுதுன்னு எனக்கு எழுதிப் போடுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். அதுவரைக்கும்... ஈரக் கையால சுவிட்ச் போடாதீங்க!